நாற்பத்தோராவது புடவை

"பொன்னி! கஸ்டமர் இருக்கசொல்ல இன்னா குந்திக்கினு கீற? எந்திரி!"

கல்லாவிலிருந்து முதலாளி ஆதிகேசவன் போட்ட சத்தத்தில், ஸ்டூலில் அப்போதுதான் உட்கார்ந்த பொன்னி பதறி எழுந்தாள். நாற்பதாவது பட்டுப்புடவையை வாசல் வெயிலில் பிரித்துக் காட்டிவிட்டு வந்திருந்தாள். காலையில் முசரவாக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பிசகிய கணுக்கால், பன் மாதிரி வீங்கியிருந்தது.

புடவை பார்த்துக்கொண்டிருந்த சுகாசினி மேடம் நிமிர்ந்தார். தமிழ்ப் பேராசிரியை, மேடைப் பேச்சாளர். உள்ளூர்க் கல்லூரியில் பேசிக் கைதட்டல் வாங்கிய கையோடு கடைக்கு வந்திருந்தார். அடுத்த வாரம் அவருக்கு விருது விழா. அதற்குத்தான் பட்டு.

"சார், அந்தப் பொண்ணு காலைப் பாருங்க! நீங்க ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்துக்கிட்டு அவளை நிக்க வைக்கிறீங்களே, மனசாட்சி வேண்டாம்?"

"கோச்சுக்காதீங்க மேடம்..."

"இது கோபம் இல்ல சார். அறச்சீற்றம்!"

ஆதிகேசவன் திருதிருவென்று விழித்தார். "அப்படின்னா இன்னா மேடம்?"

மேடத்துக்கு மேடை கிடைத்துவிட்டது.

"நமக்கு ஒண்ணுன்னா வர்றது வெறும் கோபம். அடுத்தவங்களுக்கு அநியாயம் நடக்கறப்போ வர்றது அறச்சீற்றம். இன்னிக்குக் கல்லூரியில இதைப் பத்தித்தான் ஒரு மணி நேரம் பேசிட்டு வரேன்."

பக்கத்தில் புடவை பார்த்த இரண்டு பெண்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி கைதட்டப் போய் அடக்கிக்கொண்டாள். பொன்னிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மூன்று வருஷத்தில் அந்தக் கடையில் அவளுக்காக யாரும் வாய் திறந்ததில்லை.

ஆதிகேசவனுக்கு முகம் தொங்கிப்போனது. கெட்ட மனுஷர் இல்லை, குனிந்து பார்க்காத மனுஷர். கல்லாவை விட்டு இறங்கி வந்து இப்போது குனிந்து பார்த்தார்.

"அய்யய்யோ, இன்னாம்மா இப்படி வீங்கிக்கீது! வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? ஆட்டோ புடிச்சித் தரேன். ஆஸ்பத்திரியில காட்டிட்டு நேரா வூட்டுக்குப் போ."

பொன்னி நொண்டிக்கொண்டே போய்ப் பையை எடுத்தாள்.

"ஒரு நிமிஷம்!"

சுகாசினி மேடம்தான். முகம் சிவந்திருந்தது.

"அவ போயிட்டா எப்படி? அந்த மேல் தட்டு மாம்பழக் கலரை நான் இன்னும் வெயில்ல பாக்கவே இல்ல. கஸ்டமரை இப்படியா நடுவுல விட்டுட்டுப் போறது? என்ன சார் கடை நடத்தறீங்க?"



பொன்னி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ரொம்பப் பணிவாகக் கேட்டாள்.

"மேடம், இப்ப வந்துச்சே, இதுக்குப் பேரு இன்னா மேடம்?"