பத்தாவது வள்ளம்

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பகவதியப்பன் அதே கேள்வியை மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"இந்த வரிய எதுக்கு மாத்துன?"

சகாயசெல்வியின் கடைசி ஆண்டு புராஜெக்ட் தேர்வு அது. மற்ற மாணவர்களை ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். இவளை மட்டும் இருபது நிமிடமாக நிரலின் ஒரே வரியில் நிறுத்தி வைத்திருந்தார்.

திரையில் முட்டம் கரை, ஒரு கோபுரம், கடலில் பத்து மீன்பிடி வள்ளங்கள். கம்பியில்லா வலைப்பின்னலில் அவை கோபுரத்தோடு பேச வேண்டும். கணினிக்குள் நடக்கிற ஒத்திகைதான்.

போன மாத மதிப்பீட்டில் ஒன்பதுதான் பேசின. கடைசி வள்ளம் ஊமையாகக் கிடந்தது. அதைச் சரி செய்யாமல் வந்தால் பாஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஜூலையில் அவள் பெங்களூரில் வேலைக்குச் சேர வேண்டும்.

"ஏட்டி, அந்த வள்ளத்தக் கரைக்குப் பக்கத்துல இழுத்து வச்சிரு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றிருந்தாள் கூடப் படிக்கும் லிஜி.

மனம் வரவில்லை. அப்பா ஏசுஅடிமை வழக்கமாக வலை போடுகிற தூரத்தைக் கேட்டுத்தான் அந்த வள்ளத்தை அங்கே வைத்திருந்தாள்.

பதினோரு நாள் தேடி, தப்பைப் பிடித்தாள்.

அதைத்தான் இப்போது மறுபடியும் சொன்னாள்.

"சார், முடிஞ்சவங்க பேசுற வேகம்னு ஒண்ணு. எல்லாரும் பேசியே ஆவணும்ங்கிற கட்டாய வேகம்னு இன்னொண்ணு. நான் அம்பத்திநாலு மெகாபிட்ட கட்டாயமா போட்டுட்டேன். கோபுரம் எல்லாரையும் கூப்பிடுறது கட்டாய வேகத்துலதான். அவ்வளவு வேகமா கூப்பிட்டா தூரத்துல உள்ளவனுக்குக் கேக்காது. இப்ப ஆறு மட்டும் கட்டாயம். மத்ததெல்லாம் முடிஞ்சவங்க பேசட்டும்."

"வேற எங்கயும் மாத்தலியே?"

"இல்ல சார். அந்த ஒரு வரிதான்."

"ஓட்டு, பாப்போம்."

ஓட்டினாள். ஒன்று, இரண்டு என்று பேசத் தொடங்கிய வள்ளங்களின் புள்ளிகள் பச்சையாகின. பத்தாவது கொஞ்சம் தயங்கியது.

பிறகு அதுவும் பச்சை.

கூவத் தோன்றியதை அடக்கிக்கொண்டாள்.

பகவதியப்பன் சிரிக்கவில்லை. மதிப்பெண் தாளில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். உறையில் வைத்து ஒட்டினார்.

"போலாமா சார்?"

"நில்லு."

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். டீ குடிக்கப் போன உள்தேர்வாளர் ஷீஜா மிஸ் இன்னும் திரும்பவில்லை.

பையிலிருந்து தன் மடிக்கணினியை எடுத்துத் திறந்தார். அதன் திரையில் குலசேகரம் மலையடிவாரம். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே பதினெட்டுப் புள்ளிகள். ஓரத்தில் மூன்று மட்டும் பேசாமல் சிவப்பாகக் கிடந்தன.

நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார். குரல் தாழ்ந்தது.

"இதுல அந்த வரி எங்க இருக்கு, மக்கா? திங்கக்கிழமை எனக்குப் பிஎச்டி வைவா."