சேர் பேசுனாரு

“கணக்கு சேர் வாராவாரம் பேசுனாரு மிஸ்.”

பத்மாதேவி நிமிர்ந்து பார்த்தாள். “போனிலயோ?”

“ஆமா மிஸ், போன்லதான். நல்லா பேசுவாரு.”

“நல்லாப் பேசுவாரோ!”

கண்டி நகரத்துத் தொலைக்கல்வி நிலையம் அது. பள்ளியை விட்டவர்கள் வீட்டிலிருந்தே படித்துச் சாதாரண தரப் பரீட்சை எழுதலாம். ஒரே நிபந்தனை, ஆசிரியர் வாராவாரம் தொலைபேசியில் பாடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் பாடநெறி முடிந்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பரீட்சையும் கிடையாது.

பாடநெறி முடிந்ததென்று பதிய மடுல்கெல்லையிலிருந்து வந்திருந்த சுகிர்தாவுக்குக் கணிதம் மட்டும்தான் பாக்கி. சித்தியடைந்தால் தாதிப் பயிற்சி. இல்லாவிட்டால் அக்குறணைத் துணிக்கடையில் ஆயுள் முழுக்கச் சேலை மடிக்கலாம்.

பொறுப்பதிகாரி பத்மாதேவி யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அவள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. சும்மா பேசுவதற்குக் கதைப்பது என்பார்கள். மலைநாட்டில் அப்படி இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

“கணக்குப் பிழைச்சாப் பேசுவாரோ?”

“பிழைச்சாலும் பேசுவாரு, சரியா செஞ்சாலும் பேசுவாரு மிஸ்.”

“வீட்டில ஆக்களுக்குச் சொல்லேல்லையோ?”

“அம்மாவுக்குத் தெரியுமே. அவங்ககிட்டயும் பேசுனாரு.”

“தாயையும் விடேல்லையோ!”

பத்மாதேவி கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “மயூரதன்! இஞ்ச வாரும்!”

கணித ஆசிரியர் மயூரதன் பக்கத்து அறையிலிருந்து மீன் அடைத்த மாலுபாணை மென்றுகொண்டே வந்தான். அவனும் யாழ்ப்பாணத்தான்தான்.

“கிழமைக்குக் கிழமை இந்தப் பிள்ளைக்குப் பேசினனீராம். தாய்க்கும் பேசினனீராம். வெக்கமாயில்லையோ?”

“மிஸ், அது அப்படி இல்ல...” என்றாள் சுகிர்தா.

“நீர் பயப்பிடாதையும். ஏச்சு வாங்கிக்கொண்டுதான் படிக்கோணுமெண்டு சட்டமில்லை.”

ஏச்சு என்றதும் சுகிர்தாவுக்கு விஷயம் புரிந்தது. வாயைத் திறந்தாள். பத்மாதேவி இடம் கொடுக்கவில்லை.

“பொம்பிளைப் பிள்ளைக்குப் போன் எடுத்து ஏசுறது பொலிசுக்குப் போற விஷயம், தெரியுமோ?”

மயூரதனுக்கு மாலுபாண் தொண்டையில் நின்றது. “ஐயோ மேடம், சத்தியமா நான் பேசேல்லை!”

“அப்ப பிள்ளை பொய் சொல்லுதோ?”

வேண்டாம் என்பதுபோல் சுகிர்தா அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. போனை எடுத்து மேசையில் போட்டான்.

“நீங்களே பாருங்கோ மேடம். ஏசுறதெண்டாலும் முதல்ல போன் எடுக்கோணுமே! நான் ஒரு நாளும் எடுத்ததில்லை. இந்தப் பிள்ளையின்ர நம்பரே என்னட்டை இல்லை!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. பத்மாதேவி மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தாள்.

சுகிர்தா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“ஏசுனேன்னே ஒத்துக்கிட்டிருக்கலாமே சேர்.”