புகார் அதிகாரியின் அறை

பெண் என்பதால்தான் தனக்கு சூப்பர்வைசர் வேலை தரவில்லை என்று தையல்காரி நிர்வாகத்திடம் புகார் கொடுத்தாள். மறுநாளே அவளுடைய மிஷினைக் கழிப்பறை வாசலுக்குத் தள்ளிவிட்டார்கள்.

ஆத்திரம் தாங்காமல் கம்பெனியின் புகார் அதிகாரியைத் தேடிப் போனாள். மாடிப்படிக்கு அடியில், உடைந்த நாற்காலிகளுக்கும் துடைப்பங்களுக்கும் நடுவே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார் அந்த அம்மாள்.

"புகார் கொடுத்தவங்களைப் பழிவாங்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கும்மா!" என்று பிரிவு எண்களை மடமடவென்று ஒப்பித்தார்.

"எல்லாம் மனப்பாடமா வச்சிருக்கீங்களே மேடம்!"

"எனக்கே தேவைப்பட்டுச்சு. மேல மேனேஜரா இருந்தவதான் நான். ஒரு புகார் கொடுத்தேன், மறுநாளே இங்க போட்டுட்டாங்க."

"சும்மாவா விட்டீங்க?"

"சண்டை போட்டேன். 'பழிவாங்கலா? பதவி உயர்வும்மா'ன்னு லெட்டரை நீட்டிட்டாங்க."