சீட் விளக்கு

அப்பா உட்கார்ந்தார். விளக்கு எரியவில்லை.

எழுந்து, பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். எரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் போடும் காக்கி பேண்ட் அது. இன்று வண்டிக்காகப் போட்டிருந்தார்.

எங்கள் வண்டி ஒரு குட்டி லோடர். ஜேசிபி நுழையாத குடோன் வாசலுக்குள் நுழைந்து, நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பும். மம்சாபுரத்தில் அதைப் பாப்கட் என்பார்கள். அப்பா வாங்கும்போதே பழையது.

சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஆள் பாரம் அதை அமுக்கினால் முன்னால் ஒரு சின்ன விளக்கு எரியும். எரிந்தால்தான் பக்கெட் தூக்கும்.

நாளைக் காலை ராஜபாளையத்தில் ஒரு ஜின்னிங் குடோனில் பருத்திக்கொட்டை அள்ள வேண்டும். ஐந்து மாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு முதல் வேலை.

அந்த ஐந்து மாதமும் அவர் வண்டியைத்தான் பார்த்தார். மெக்கானிக் மாரீஸ்வரன் அண்ணன் ஒவ்வொன்றாகப் பிரிப்பார். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு, இருமிக்கொண்டே சொல்லிக்கொண்டிருப்பார்.

முதல் மாதமே பக்கெட்டைப் பிடித்திருக்கும் இரும்புப் பின்களை மாற்றினார்கள். தேய்ந்துபோன பழைய இரண்டையும் காயலான் கடைக்குப் போட அப்பா விடவில்லை. பிறகு ஹைட்ராலிக் ஹோஸ், செயின், மஞ்சள் பெயிண்ட். கடைசியாகப் போன வாரம் சீட்டுக்குப் புது ஃபோம்.

மாரீஸ்வரன் அண்ணன் அப்பாவை இறங்கச் சொல்லிவிட்டு, தான் ஏறி உட்கார்ந்தார். விளக்கு எரிந்தது. பக்கெட் சத்தமில்லாமல் தூக்கி இறங்கியது.

"வண்டிக்கு ஓனரையே அடையாளம் தெரியல, அண்ணாச்சி. புது சீட்டுல்லா, படிய செத்த நேரம் ஆவும். ரெண்டு வயரையும் சேத்து முறுக்கி விட்ருதேன். சுவிட்சும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம்."

"வேண்டாம்லே," என்றார் அப்பா. "ஆளு இல்லாமயே தூக்குற வண்டி, ஒரு நாளைக்கு ஆளையே முடிச்சிரும்."

மறுபடி ஏறி உட்கார்ந்தார். விளக்கு எரியவில்லை.

நான் ஒரு மில் லேபில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க நூலுக்கு எடை பார்ப்பதுதான் வேலை. கிராமில் மூன்று தசம இடம் வரைக்கும்.

மெல்லக் கேட்டேன். "தவிட்டு மூட்டைய வச்சுப் பாப்பமாண்ணே?"

"பிசிக்ஸ் படிச்ச புள்ள சொன்னா கேட்டுக்கிடணும்," என்று சிரித்துக்கொண்டே மாரீஸ்வரன் அண்ணன் தொழுவத்திலிருந்து மூட்டையைத் தூக்கி வந்தார். வாய் பிரிக்காதது. ஐம்பது கிலோ. அப்பா இறங்கினார். அண்ணன் அதைச் சீட்டில் வைத்தார்.

விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா, சுவிட்சு சுத்தமா இருக்கு," என்று சொல்லி மூட்டையைத் தொழுவத்துக்கே கொண்டுபோனார்.

அப்பாவுக்கு நுரையீரலில் நோய். தினமும் மாத்திரை. மாதம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நான்தான் கூட்டிப்போவேன். எடை இறங்கினால் மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

எடை பார்க்கும் அறைக்குள் நான் போனதில்லை. ஆண்கள் வரிசை. கூச்சமாக இருக்கும். வாசலிலேயே நிற்பேன். அப்பா பையோடு உள்ளே போய், எடை எழுதிய அட்டையோடு வருவார்.

ஐந்து மாதமும் ஐம்பத்து நான்கு கிலோ. ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பசிக்கும்.

அப்பா மூன்றாவது தடவை ஏறி உட்கார்ந்தார்.

ஐம்பதுக்கு எரிகிறது. ஐம்பத்து நான்குக்கு எரியவில்லை.

காலை ஊன்றியிருக்கிறார். கொஞ்சம் பாரம் கால் வழியாகப் போய்விடும். அதுதான். அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"காலைத் தூக்கிக்கோங்கப்பா."

தூக்கினார். பேண்ட் மேலேறி, கணுக்கால் எலும்பு தெரிந்தது.

எரியவில்லை.

அப்பா விளக்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்ததுபோல இருந்தது. பிறகு தொழுவத்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிப் பைய எடுத்துட்டு வா, தாயி."

அந்தப் பையை அவர் என்னைத் தூக்க விட்டதே இல்லை. ஆணியிலிருந்து எடுத்ததும் தோள் கீழே இழுத்தது.

அப்பா பைக்குள் கையை விட்டார். அட்டையை ஒதுக்கிவிட்டு ஒன்றை எடுத்தார். பிறகு இன்னொன்றை. வண்டியின் பழைய பின்கள். ஒரு சாண் நீள இரும்பு. ஒவ்வொன்றும் மூன்று கிலோவாவது இருக்கும்.

இடது பாக்கெட்டில் ஒன்று. வலது பாக்கெட்டில் ஒன்று. குனிந்து பார்க்காமலேயே போட்டுக்கொண்டு, பெல்ட்டை ஒரு துளை இறுக்கினார்.

உட்கார்ந்தார்.

விளக்கு எரிந்தது. பக்கெட் தூக்கியது.

"நான் சொல்லல? படிஞ்சிருச்சு பாத்தீங்களா!" மாரீஸ்வரன் அண்ணன் கையைத் தட்டிக்கொண்டே தொழுவத்திலிருந்து வந்தார்.

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

பாக்கெட் கிழிந்துகொண்டே இருக்கிறது என்று அவர் சொன்னபோது, உள்ளே காடாத் துணி கொடுத்து இரட்டையாகத் தைத்துக் கொடுத்தவள் நான்தான்.

ஜூனில் இடது பாக்கெட்.

ஆகஸ்டில் வலது.