கணப்போரத்து இடம்

நோய்ப் படுக்கையில் கிடந்த, இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரப் பண்ணைக்காரர் ஆம்ப்ரோஸ் சொல்லச் சொல்ல, அண்டை வீட்டு பார்னபி உயிலை எழுதிக்கொண்டிருந்தார். நிலமும் வீடும் மூத்தவன் ஹியூவுக்கு. மகளுக்கு ஒரு பசுவும் இறகு மெத்தையும். மனைவி அவிஸுக்குச் சாகும்வரை கணப்போரத்தில் ஓர் இடம். அவள் குளிர்காய ஹியூ விறகு வெட்டித் தர வேண்டும்.

"அந்தக் கடைசி வரிய அடிச்சிடுங்க," என்றாள் அவிஸ். "அந்த இடம் காலியா இல்ல."

பார்னபி இறகுப் பேனாவைத் தூக்கினார். "என்னம்மா சொல்ற?"

"இவங்கப்பாவும் இதையேதான் இவங்கம்மாவுக்கு எழுதி வெச்சாரு. அந்தம்மாவப் புதைச்சு எட்டு வருஷமாச்சு, இன்னும் அந்த இடத்த விட்டு எழுந்திரிக்க மாட்டேங்குது. அதோட நாற்காலியப் பரண்ல ஏத்தினா விடியறதுக்குள்ள கணப்பு முன்னால வந்து நிக்குது. விறகு குறைஞ்சா இடுக்கியால தட்டுது. நானும் எவ்வளவுதான் தாங்குறது?"

"அம்மாவுக்குக் குளிர் ஆகாது," என்றார் ஆம்ப்ரோஸ், வழக்கம்போல.

"பாத்தீங்களா அண்ணே? பொண்டாட்டிக்கு மட்டும் ஆகுமாக்கும்!"

பார்னபி எதையும் அடிக்கவில்லை. எல்லார் வீட்டு உயிலிலும் இருக்கிற வரிதான் அது.

ஈஸ்டருக்கு முன்பே ஆம்ப்ரோஸை அடக்கம் செய்தார்கள். கல்லறையிலிருந்து திரும்பிய அவிஸ் கூடத்துக்குள் நுழைந்ததும் நின்றாள். இத்தனை வருடம் கணப்புக்கு நேர் நடுவில் நின்ற மாமியாரின் நாற்காலி, ஓரமாக ஒதுங்கியிருந்தது.

அவள் முக்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். கொள்ளவில்லை.

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க அத்தை," என்றாள் எரிச்சலோடு.

நாற்காலி நகர்ந்தது.