வாய் திறக்காத கூட்டம்

மாமரத்து முசுறு எறும்புகள் இலைகளைச் சேர்த்துப் புதுக்கூடு கட்டத் தொடங்கின. திட்டம் போடும் பொறுப்பு, அதுவரை இரை தேடிக்கொண்டிருந்த செம்பியின் தலையில் விழுந்தது.

"இன்றைக்கு இலைகளை இழுத்துப் பிடிக்கிறோம், நாளைக்கு நூலால் ஒட்டுகிறோம், கடைசியாகப் பழைய கூட்டிலிருந்து நம் புழுக்குட்டிகளைத் தூக்கிவருகிறோம். சரிதானே?" என்று, இலை விளிம்பைக் கவ்வியிருந்த இருபது பேரிடமும் கேட்டாள். யாரும் வாய் திறக்கவில்லை. ஒப்புக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மரமெல்லாம் தேடியும் நூல் கிடைக்கவில்லை. செம்பி இலை விளிம்புக்கு ஓடிவந்தாள். "நூல் எங்கேதான் இருக்கிறது? யாராவது சொல்லுங்களேன்" என்று கெஞ்சினாள்.

இலையைக் கவ்வியிருந்தவர்களில் ஒருத்தி பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தாள். "புழுக்குட்டிகளின் வாயிலிருந்துதானடி நூலே வரும்."

பிடி விட்டுப்போன இலை படாரென்று விலகி, இருபது பேரையும் உதறித் தள்ளியது.

செம்பி அவசரமாகத் திட்டத்தில் வேலைகளின் வரிசையை மாற்றினாள். விழுந்தவர்கள் ஏறிவந்து மறுபடி கவ்விக்கொண்டார்கள்.

"இப்போது சரிதானே?" என்று கேட்டாள்.

யாரும் வாய் திறக்கவில்லை.