பெமாவுக்குப் போகும் வழி

மஞ்சள் ரோஜாக் கொத்தோடு ஹனித்ரா பல்கலைக்கழக அரங்குக்குள் நுழைந்ததும் சொலீனின் அம்மா ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "என் பொண்ணோட சிநேகிதியா நீ? வா வா. முடிஞ்சதும் சாப்பிடாமப் போயிடாதே."

பக்கத்து அறையில் பாலாடைக்கட்டித் தட்டுகளும் ஒயின் பாட்டில்களும் காத்திருந்தன. சொலீனின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு தொடங்கும் முன்பே விருந்து தயார். பிரான்சின் இந்த லியோன் நகரில் எல்லோரும் அப்படித்தான். இந்தக் கடைசி நாளில் யாரும் தோற்பதில்லை.

தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த சொலீனின் கைகள் அவளைப் பார்த்ததும் நின்றன. பிறகு சிரித்தாள். "ஹனித்ரா செல்லம், நீ இன்னும் இங்கதான் இருக்கியா? ஊருக்கு அனுப்பிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"அனுப்பத்தான் பார்த்தாங்க. இப்போ கணக்கியல் படிக்கிறேன்."

"ரொம்ப நல்லது. அங்க எழுத்துப் பிழையை யாரும் பார்க்க மாட்டாங்க."

ஹனித்ரா பூங்கொத்தை நீட்டினாள்.

மதகாஸ்கரிலிருந்து முதுகலை படிக்க வந்தபோது, தன் ஆய்வேட்டின் பிரெஞ்சைத் திருத்தித் தரச்சொல்லி இந்த சொலீனிடம்தான் கொடுத்திருந்தாள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் அப்படிக் கொடுப்பதுதான். சொலீன் பிழைகளைத் திருத்திக் கொடுத்தாள். கருத்துகளைத் தன் பெயரில் கட்டுரையாக்கினாள்.

துறையில் விசாரணை வந்தது. அச்சில் முந்தியவள் சொலீன். ஆகவே திருடியவள் ஹனித்ரா. பட்டம் போயிற்று.

அந்தக் கோபத்தை அவள் ஆறவிடவில்லை. அழுது தீர்த்துவிட்டால் மிச்சம் எதுவும் இருக்காது என்று அழுகையைக்கூட அடக்கிக்கொண்டாள். 'ஏறட்டும், இன்னும் கொஞ்சம் உயரத்துக்கு ஏறட்டும்' என்று விடுதி அறையில் தனியே சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொள்வாள். தனக்குள் இத்தனை பொறுமை இருந்ததை நினைத்தால் அவளுக்கே பயமாக இருந்தது.

இன்றைய தேர்வின் அறிவிப்பு வந்தபோது, சொலீனின் ஆய்வுச் சுருக்கத்தைப் படித்தாள். இரண்டாவது வரியிலேயே வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினான்.

சொலீன் பேசத் தொடங்கினாள். "வனிலாக் காய் பச்சையா இருக்கும்போதே விவசாயிங்க அதுல ஊசியால புள்ளி குத்தி அடையாளம் வெச்சிடுவாங்க. காய் கறுத்துக் காய்ஞ்ச பிறகும் அந்தப் புள்ளி அழியாது. எவன் திருடினாலும் சந்தையில மாட்டிக்குவான்."

அவள் அடுத்து என்ன சொல்வாள் என்பதை ஹனித்ராவின் உதடுகள் முன்கூட்டியே முணுமுணுத்தன. பெற்ற பிள்ளை வேறொருத்தியை அம்மா என்று கூப்பிடுவதைக் கேட்பதுபோல் இருந்தது.

"நான் தங்கியிருந்த பெமாவு கிராமம் எந்த வரைபடத்துலயும் கிடையாது. அவ்வளவு சின்ன ஊர். ஒரு திருடனை ஊரே கூடி அடிச்ச கதையை அங்கதான் என்கிட்ட சொன்னாங்க." நடுவர்கள் மெச்சித் தலையாட்டினார்கள்.

அவர்களுடைய கேள்விகள் முடிந்ததும், நடுவர் குழுவின் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "அவையில இருக்கிற முனைவர்கள் யாராவது கேள்வி கேக்கணுமா?" வழக்கத்துக்காகக் கேட்பது. விருந்தைத் தள்ளிப்போட யாருக்கும் மனசு வராது.

ஹனித்ரா எழுந்தாள்.

"நீங்க முனைவரா?" என்றார் தலைவி.

"இல்லைங்க. முதுகலையே முடிக்க விடல."

"அப்போ மன்னிக்கணும். முனைவர்கள் மட்டும்தான் கேக்கலாம்."

அவள் உட்காரவில்லை. இப்போது உட்கார்ந்தால், ஆயுசுக்கும் அவள்தான் திருடி. தலைகள் திரும்பின. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

சொலீன் முன்வரிசையில் இருந்த அம்மாவைப் பார்த்தாள். எல்லோர் முன்னாலும் பெருந்தன்மை காட்ட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. "கேக்கட்டுமே மேடம். அந்த நாட்டுப் பொண்ணுதான், பாவம். அவளுக்குப் புரியற மாதிரி நான் சொல்றேன்."

சிலர் சிரித்தார்கள். தலைவி கையசைத்து அனுமதித்தார்.

"பெமாவுக்கு எப்படிப் போனீங்க?" என்றாள் ஹனித்ரா.

இவ்வளவுதானா என்பதுபோல் சொலீனின் தோள்கள் தளர்ந்தன. "சம்பாவா டவுன்லேருந்து லாரியில போகணும். அப்புறம் படகுல ஆத்தைக் கடந்து மலையேறணும். ஊர்த் தலைவர் வீட்டுலதான் தங்கினேன். நான் கிளம்பும்போது எல்லாரும் அழுதுட்டாங்க."

"ஊர் பேரு அதேதானா? மாத்தி எழுதலியே?"

"ஆளுங்க பேரைத்தான் மாத்தினேன். ஊர் பேர் உண்மைதான். வேணும்னா குறிச்சுக்கோ."

ஹனித்ரா நடுவர்கள் பக்கம் திரும்பினாள். "அது ஒருத்தனைப் பிடிச்சு அடிச்ச ஊருங்க. போலீஸ் வந்துடும், பேரைப் போட்டுடாதேன்னு என்கிட்ட கெஞ்சிக் கேட்டுக்கிட்டாங்க. அதனால என் ஆய்வேட்டுல அந்த ஊருக்கு நானா ஒரு பேர் வெச்சேன்."

சொலீனின் அம்மா இன்னும் சிரித்த முகமாகவே இருந்தாள்.

"பெமாவு எங்க வீட்டு நாய்."